கொழும்பில குளிர்காலக் கோதுமை பியர்: யாராவது ஒழுங்காக் குடிச்சுப் பாத்தனீங்களா?

மரைன்டிரைவ்காத்து | 2024 டிசம்பர் 10, மாலை

ஜெர்மனியில இருந்து வந்த மாமா ஒரு போத்தல் எர்டிங்கர் ஷ்னீவைஸ் தந்திட்டுப் போயிட்டார். குளிர்காலத்துக்கெண்டு மட்டும் வாற கோதுமை பியராம். பம்பலப்பிட்டியில ஃபேனை அஞ்சில போட்டுக்கொண்டு இருக்கிறவனுக்கு என்ன குளிர்காலம்? என்ர கட்சி இதுதான்: கோதுமை பியர் வெயில் காலச் சாமான். குளிர்காலப் பதிப்பு எண்டுறது யாவாரக் கதை. பிரீசரில ஒரு மணித்தியாலம் போட்டு, தேசிக்காய் பிழிஞ்சு குடிக்கப்போறன். இல்லை எண்டுறவை வந்து சொல்லுங்கோ.

கராம்புக்காரி | டிசம்பர் 10, இரவு

பிரீசரில வைக்காதேங்கோ. தேசிக்காயையும் கீழ வையுங்கோ. மிச்சம் நாளைக்கு.

கராம்புக்காரி | டிசம்பர் 11

சரி, இப்ப நேரம் கிடைச்சிருக்கு.

ஜெர்மனியிண்ட தெற்கில இருக்கிற பவேரியாவிண்ட கோதுமை பியரில, மோல்டில (முளைக்க வச்சுக் காய வச்ச தானியம்) குறைஞ்சது பாதி கோதுமையா இருக்கவேணும். ஆனா அந்த மணத்தைத் தாறது கோதுமை இல்லை, ஈஸ்ட். அது நுரைச்சுப் புளிக்கேக்க ரெண்டு சாமான் வெளியில வருது. ஒண்டு ஐசோஅமைல் அசற்றேற்று எண்ட எசுத்தர் (மணம் தாற ஒரு இரசாயனம்), அதுதான் வாழைப்பழ மணம். மற்றது கராம்பு மணம். தானியத்தில இருக்கிற பெரூலிக் அமிலத்தை இந்த வகை ஈஸ்ட் உடைக்கேக்க வாறது. அரைச்ச மோல்டைச் சுடுதண்ணியில கரைக்கிற கட்டத்தில 45 பாகைக்குக் கிட்டக் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வச்சா அந்த அமிலம் கூட வெளியில வரும், கராம்பும் கூடும். வடிக்கிறவை தங்கட கைப்பக்குவத்தைக் காட்டுற இடம் அது. ஒருவரும் வாழைப்பழமோ கராம்போ உள்ளுக்குப் போடுறேல்லை.

இந்த ரெண்டு மணமும் குளிருக்குள்ள அடங்கிப்போகும். நாக்கு விறைக்கிற குளிரில வழமையான மஞ்சள் லாகர் பியரும் இதுவும் ஒண்டுதான், காசு மட்டும் வித்தியாசம். நாங்கள் இஞ்ச பியரைப் பழகினதே போத்தலில வேர்வை ஓடுற குளிரில. எங்கட லயன் லாகருக்கு அது சரி, மதுசாரம் 4.8 வீதம், வெக்கைக்குத் தொண்டையை நனைக்கிறதுக்கு. கோதுமை பியரை 8 பாகையில தொடங்கி 12 வரைக்கும் குடிக்கலாம். பிரிஜ்ஜிண்ட கீழ்த் தட்டில வையுங்கோ. வெளியில எடுத்துக் கால் மணித்தியாலம், இருபது நிமிசம் மேசையில விடுங்கோ. எங்கட சூட்டுக்கு அதுவே காணும்.

போத்தலை நிமித்தி வையுங்கோ, படுக்க வைக்காதேங்கோ. அடியில ஈஸ்ட் இருக்கும். கிளாஸைக் குளிர்தண்ணியில அலம்பி, சரிச்சுப் பிடிச்சு, அவசரப்படாம ஊத்துங்கோ. லாகரில அடைபட்டிருக்கிறதைவிடக் காபனீரொட்சைட்டு இதில கூட. தலைகீழாக் கவிட்டா மேசை முழுக்க நுரைதான். கடைசி ரெண்டு விரல் அளவை மிச்சம் விட்டு, போத்தலைச் சுழட்டி, அந்தக் கலங்கலையும் நுரைக்கு மேல ஊத்துங்கோ.

தேசிக்காய் ஏன் வேண்டாம்: தோலில இருக்கிற எண்ணெய் நுரையைச் சாப்பிட்டிடும், மணத்தையும் மூடிடும். போட்டே தீருவன் எண்டா முதல் பாதியைச் சும்மா குடிச்சிட்டுப் போடுங்கோ. உங்கட பியர், உங்கட வாய்.

கராம்புக்காரி | டிசம்பர் 11, கொஞ்சம் பிந்தி

கோதுமை பியருக்கெண்ட உயரக் கிளாஸ் வீட்டில இல்லை, எதில ஊத்துறது எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். வீட்டில பலூடா கிளாஸ் இருக்கும்தானே? உயரம் சரி, வாயும் அகலம். ஆனா 500 மில்லிப் போத்தலும் நுரையும் ஒண்டில அடங்காது. ரெண்டாப் பிரியுங்கோ. அதில ஒரு நன்மையும் இருக்கு: முதல் கிளாஸ் தெளிவா வரும், ரெண்டாவதில ஈஸ்ட் விழும். ரெண்டையும் பக்கத்தில வச்சு மாறி மாறிக் குடிச்சா, கலங்கல் என்ன செய்யுதெண்டு நான் ஒரு பக்கம் எழுதுறதைவிட வடிவா விளங்கும்.

கராம்புக்காரி | டிசம்பர் 12

"யாவாரக் கதை" எண்டதுக்கு வாறன். அரைவாசி ஒத்துக்கொள்ளுறன்.

எர்டிங்கரிண்ட வழமையான கோதுமை பியர் 5.3 வீதம். ஷ்னீவைஸ் 5.6. இந்த 0.3 வீதத்தில ஒருவருக்கும் குளிர் விடப்போறேல்லை. நிறம் கொஞ்சம் கூட, மோல்ட் கொஞ்சம் கூட, லேபிளில பனி. அவ்வளவுதான் எண்டு சொன்னா சண்டைக்கு வரமாட்டன். ஆனா கோதுமை பியரில உண்மையாவே குளிருக்குப் பிறந்த ஒரு சாதி இருக்கு, வைசன்பொக் எண்ட வலுவான கோதுமை பியர். ஷ்னைடர் எண்ட வடிசாலைக்காரற்ற அவென்டினுஸ், 1907இல வந்தது, 8.2 வீதம். வைஹன்ஸ்டெபான்காரர் வடிக்கிற வீட்டுஸ் 7.7. அவென்டினுஸ் கறுத்த நிறம். அதில காய்ஞ்ச முந்திரிகை, நல்லாப் பழுத்துக் கறுத்த வாழைப்பழம், கராம்பு எல்லாம் வரும். வீட்டுஸ் வெளிர் நிறம், அதால ஆளைக் கூட ஏமாத்தும். 7.7 வீதம் எண்டு நாக்குக்குத் தெரியாது, எழும்பேக்க முழங்காலுக்குத் தெரியும்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாத்தலாம். "குளிர்காலக் கோதுமை பியர் கொழும்புக்குச் சரியோ" எண்டு கேட்டா மறுமொழி வராது. எந்தக் கோதுமை பியர் எண்டு கேளுங்கோ.

கராம்புக்காரி | டிசம்பர் 13

மேல ஒருத்தர், "ஜெர்மன்காரற்ற சட்டப்படி பியருக்குள்ள கோதுமையே வரக்கூடாது, 1516இலயே எழுதி வச்சிட்டாங்கள்" எண்டு போட்டிருக்கிறார். பாதிக் கதை, தம்பி.

1516இல இங்கோல்ஸ்டாட்டில பவேரியப் பிரபு நாலாம் வில்ஹெல்ம் போட்ட சட்டத்தில பார்லி, ஹொப்ஸ் (கசப்புத் தாற ஒரு பூ), தண்ணி மட்டும்தான் இருக்கு. கோதுமை பாண் போடுறவைக்கு வேணும் எண்டுதான் வழமையாச் சொல்லுற காரணம். ஆனா டேகன்பெர்க் எண்ட பிரபு குடும்பத்துக்குக் கோதுமை பியர் வடிக்கிற உரிமை தனியா இருந்தது. 1602இல அந்த வம்சம் அறுந்துபோக உரிமை முதலாம் மாக்சிமிலியன் கைக்கு வந்தது. அதுக்குப் பிறகு கோதுமை பியர் அரசவீட்டுத் தனியுரிமை, நல்ல வருமானம். ஊருக்குச் சட்டம், தங்களுக்கு உண்டியல்! இதை வாசிச்சிட்டு நாங்கள் சிரிக்கவும் ஏலாது. வெள்ளைக்காரன் காலத்தில இஞ்ச சாராயக் குத்தகையை ஏலத்தில விட்டு அரசாங்கம் காசு பாத்ததும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்.

19ஆம் நூற்றாண்டில சனம் லாகருக்கு மாற, கோதுமை பியர் படுத்திட்டுது. 1872இல கேயோர்க் ஷ்னைடர் மியூனிக்கில அந்த உரிமையை வாங்கித் தொடர்ந்தார். அவர் வாங்காட்டி இந்த இழையே இருந்திருக்காது.

கராம்புக்காரி | டிசம்பர் 14

இண்டைக்கு உந்துவப் போயா, பௌர்ணமி நாள். மதுக்கடை பூட்டு. முன்யோசனை இல்லாதவை எல்லாரும் இண்டைக்குத்தான் இழைக்கு வந்திருக்கிறியள் எண்டு விளங்குது.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்" எண்டு ஒரு ஆள் உள்பெட்டியில கேட்டிருக்கிறார். பகிரங்கமாவே சொல்லுறன். அவென்டினுஸ் வந்த 1907இல ஷ்னைடர் வடிசாலையை நடத்தினது மத்தில்டா ஷ்னைடர் எண்ட பொம்பிளை. இஞ்ச கதை வேற. பொம்பிளையளுக்கு மதுபானம் விக்கக்கூடாது எண்ட 1979ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில நிதியமைச்சரா இருந்த மங்கள சமரவீர எடுத்துவிட்டார். சில நாளிலயே ஜனாதிபதி சிறிசேன அதைத் திருப்பிப்போட வச்சார். சுப்பர்மார்க்கெட்டில எனக்கு ஒருவரும் ஒண்டும் சொன்னதில்லை. ஆனா கம்பி வலைக்குப் பின்னால நிண்டு விக்கிற ஒரு வைன் ஸ்டோரில, "மிஸ், ஐயாவை அனுப்புங்கோ" எண்டவை. எந்த ஐயாவை? என்ர ஐயா வாழ்நாளில நெல்லிக்கிறஷ்ஷைத் தாண்டினதில்லை.

பழையபடி பியருக்கு வாறன். இல்லாட்டி நிர்வாகி இழையைப் பூட்டிப்போடுவார்.

கராம்புக்காரி | டிசம்பர் 14, இரவு

நெல்லிக்கிறஷ் கதைக்கு இவ்வளவு விருப்பக்குறி. பெரூலிக் அமிலத்துக்கு ஒண்டுகூட இல்லை.

கராம்புக்காரி | டிசம்பர் 21

குடிச்சாச்சு. ஜெர்மனியில ஹம் எண்ட ஊரில இருக்கிற மச்சாள் போன கிழமை வந்தவ. அந்தக் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிற அதே ஹம்தான். சூட்கேஸில உடுப்புக்கு நடுவில சுத்தி ஒரு ஷ்னீவைஸும் ஒரு அவென்டினுஸும் கொண்டுவந்தா. கோயிலுக்கு வாங்கின பட்டுச் சீலை ரெண்டு போத்தலுக்கும் மெத்தை. அம்மன் பொறுக்கவேணும்.

வெள்ளவத்தையில பின்னேரத்தில இருந்து மழை. வடகீழ்ப் பருவக்காத்து, கரண்ட் ஒருக்காப் போய் வந்தது. எங்களுக்குக் கிடைக்கிற குளிர்காலம் அதுதான். ராவைக்கு 23 பாகை, அம்மம்மாவுக்குப் போர்வை.

ஷ்னீவைஸை முதல் திறந்தம். வெளியில எடுத்த கையோட முதல் மிடறு: குளிர், வாயுவிண்ட குத்தல், பாண் மா மணம், முடிஞ்சுது. பத்து நிமிசத்தால கோழிக்கூட்டு வாழைப்பழம் எழும்பத் தொடங்கிச்சு. பழுத்தது இல்லை, இன்னும் காம்பில பச்சை இருக்கிற பதம். அதுக்குப் பின்னால மெல்லிசாக் கராம்பு. கிளாஸிண்ட கடைசிக் கால்வாசி, அது 15 பாகைக்கு மேல வந்திருக்கவேணும், தேன் மாதிரி இனிச்சு, நுரை இல்லாமச் சப்பெண்டு போச்சு. நடுவில இருக்கிற அந்த நேரம்தான் இதிண்ட ருசி. குளிர் நாட்டில அந்த நேரம் நீளும், ஆள் மெல்ல மெல்லக் குடிக்கலாம். இஞ்ச அது ஓடிப்போகும். கொழும்பில பருவம் எண்டு ஒண்டு இருக்கெண்டா கிளாஸுக்குள்ள வந்து போற அந்தக் கொஞ்ச நேரம்தான். இதைத்தான் நான் பத்து நாளா இஞ்ச சுத்திச் சுத்தி எழுதிக்கொண்டிருக்கிறன்.

அவென்டினுஸ் நேர் மாறு. அது சூடாகச் சூடாக நல்லது. அரை கிளாஸில ஒரு மணித்தியாலம் இருந்தம். மச்சாள் கிறிஸ்மஸ் கேக் வெட்டினா. எங்கட கேக், ரவையும் கஜுவும் பூசணி அல்வாவும் போட்டு வாறது. அதில இருக்கிற கராம்பும் கறுவாவும் பியரில இருக்கிற கராம்பைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போச்சு. இதை நான் எதிர்பாக்கவேயில்லை. கேக்குக்கு வைன் தேடுறவை ஒருக்கா இதைப் பாருங்கோ.

பைட்ஸ், அதாவது பியரோட கொறிக்கிறது: மரவள்ளிச் சிப்ஸ் நல்லாப் போச்சு. டெவில் பண்ணின கோழி சரிவரேல்லை, அந்தச் சோஸிண்ட இனிப்பும் உறைப்பும் வாழைப்பழத்தோட அடிபடுது. ஷ்னீவைஸோட இஸ்ஸோ வடை பொருந்தும் எண்டு நினைக்கிறன். ஆனா மழைக்குள்ள காலிமுகத்திடலுக்கு ஆர் போறது?

கராம்புக்காரி | டிசம்பர் 22

நித்திரையால எழும்பி யோசிச்சா இன்னொண்டு வருது. நேற்று ஷ்னீவைஸ் ஓடிப்போச்சு எண்டு குறை சொன்னன். பியரில பிழையே இல்லை. 500 மில்லியையும் ஒரேயடியா ஊத்தி வைக்கிற பழக்கம் அதிண்ட ஊரிண்ட சுவாத்தியத்துக்கு வந்தது. இஞ்ச கால் கிளாஸா ஊத்தி, போத்தலைத் திருப்பிப் பிரிஜ்ஜில வைக்கலாமே? நுரை அழகு போகும், பவேரியாக்காரர் கோவிப்பினம். அவை வந்து வெள்ளவத்தையில இருந்து பாக்கட்டும்.

கராம்புக்காரி | டிசம்பர் 23

மரைன்டிரைவ்காத்து தன்ர போத்தலைத் திறந்திட்டாராம். தேசிக்காயோட. "நல்லாத்தான் இருந்தது, நீங்கள் சொல்லுற வாழைப்பழத்தைக் காணேல்லை" எண்டு எழுதியிருக்கிறார். ஐயா, வாழைப்பழம் அந்தத் தேசிக்காய்க்குக் கீழதான் படுத்திருந்தது.

கராம்புக்காரி | டிசம்பர் 27

"இஞ்ச கடையில வாங்கின இறக்குமதிக் கோதுமை பியர் ஈரக் கடதாசி மட்டை மாதிரி மணக்குது, இதுதான் உங்கட கராம்போ" எண்டு ஒருத்தர். இல்லை. அது பழசு.

கோதுமை பியர் அநேகமாப் புதுசாக் குடிக்கிற சாமான். காலம் போகப் போக வாழைப்பழ எசுத்தர் உடைஞ்சு குறையும், கராம்பு மங்கும். ஒட்சிசன் பட்டாக் கடதாசி மட்டை மணம். சூடு இதெல்லாத்தையும் விரைவுபடுத்தும். கப்பலில கொள்கலனுக்குள்ள வெந்து, துறைமுகத்தில காத்து நிண்டு, பிறகு வெளிச்சம் படுற தட்டில குந்தியிருக்கிற போத்தல் எந்தப் பெரிய பேர் போட்டிருந்தாலும் பாவம்தான். நானும் ஒரு இடத்தில அப்பிடி வாங்கி அரைவாசியைச் சிங்குக்குள்ள ஊத்தினனான், கடைப்பேர் வேண்டாம். திகதியைப் பாருங்கோ. லேபிள் மஞ்சளிச்சிருந்தா விட்டிட்டு நடவுங்கோ.

அவென்டினுஸ் மாதிரி வலுவானது விதிவிலக்கு. அதைக் குளிரா, இருட்டா வச்சா வருசக்கணக்கில மாறி வரும். ஆனா கொழும்பில குளிரும் இருட்டுமா நிலவறை வச்சிருக்கிற வீட்டுக்காரர் இந்தத் தளத்தை வாசிக்கமாட்டார்.

கராம்புக்காரி | 2025 ஜனவரி 2

நுவரெலியாவில நிண்டனான். புதுவருசச் சனம், வாவியடியில கார் நகரேல்லை. ராவைக்கு விரல் விறைச்சுது. ஜனவரியில அங்க புல்லில உறைபனி பிடிக்கிறதும் உண்டு.

கோதுமை பியர் ஒண்டும் இல்லை, லயன் ஸ்டவுட் எண்ட கறுத்த பியர்தான் இருந்தது. 8.8 வீதம். குடிச்சுக்கொண்டு இருக்கேக்க இந்த இழைதான் ஞாபகம் வந்தது. குளிர்காலப் பியர் எங்களுக்கு ஏன் எண்டு கேட்டம். எங்களிட்ட ஒண்டு எப்பவோ இருக்கே. லயன் பியர்க் கதையே 19ஆம் நூற்றாண்டில நுவரெலியாக் குளிரிலதான் தொடங்கினது, கொழும்புக்குக் கிட்ட இருக்கிற பியகமவுக்கு இறங்கினது பிறகு. சொக்கலேட், கோப்பி, கொஞ்சம் கருகின சீனி. மைக்கேல் ஜாக்சன், பாட்டுக்காரர் இல்லை, பியர் எழுத்தாளர், அவர் இதைப் புகழ்ந்த பிறகு வெளிநாட்டுக்காரர் தேடிக் குடிக்கிறவை. நாங்கள் அதைக் "கிழவன்மார் குடிக்கிற கறுப்பு" எண்டு தள்ளி வச்சிட்டு மாமாட சூட்கேஸைப் பாத்துக்கொண்டு இருக்கிறம்.

அதுக்காகக் கோதுமை பியருக்குப் பதில் ஸ்டவுட் எண்டு சொல்லவரேல்லை. ஸ்டவுட்டில வறுத்த மோல்ட் கதைக்குது, வைசன்பொக்கில ஈஸ்ட். ரெண்டும் வேற வேற ஆக்கள்.

கராம்புக்காரி | ஜனவரி 5

திருவெம்பாவை தொடங்கிட்டுது. எங்கட வீட்டில இப்ப போத்தல் எண்டு மூச்சுக்கூட விட ஏலாது. ஆகவே எழுத்து மட்டும்.

தடிமன் பிடிச்சு மல்லி அவிச்சுக் குடிச்சுக்கொண்டிருக்கிறன். இஞ்சி போட்டது. இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. பெல்ஜியத்தில ஹூகார்டன் எண்ட ஊரில வடிக்கிற கோதுமை பியருக்குள்ள மல்லியும் கசப்புத் தோடம்பழத் தோலும் உண்மையாவே போடுவினம். பவேரியாக்காரர் மாதிரி ஈஸ்ட்டை மட்டும் நம்பி இருக்கேல்லை. 1950களில அந்த ஊர்க் கடைசி வடிசாலையும் பூட்டிப்போச்சு. 1966இல பியேர் செலிஸ் எண்ட பால்காரர் திரும்பத் தொடங்கினார். பால்காரர் தொடங்கினதாலதானோ என்னவோ அது வெள்ளையாக் கலங்கி இருக்குது!

எனக்கு அந்த வகை அவ்வளவு பிடிக்கேல்லை. எங்கட வீட்டில மல்லி எண்டா காய்ச்சல். மூளை அந்த மணத்தைப் பியர் எண்டு ஏத்துக்கொள்ளுதில்லை. ஆனா கொழும்பு வெயிலுக்குப் பவேரிய வகையைவிட அதுதான் பொருத்தம். 5 வீதத்துக்குள்ள நிக்கும், புளிப்பும் இருக்கும், கொஞ்சம் கூடக் குளிர்ந்தாலும் கெட்டுப்போகாது. தேசிக்காய்க் கட்சிக்காரர் அங்க போய்க் குடியேறலாம்.

கராம்புக்காரி | ஜனவரி 15

பொங்கல் முடிஞ்சுது. அதுக்கு முதல் நாள் துருத்துப் போயா, ஆகவே இழையும் நல்ல பிள்ளையா இருந்தது.

"பியருக்குள்ள அரிசியும் போடுவினமோ" எண்டு ஒருத்தர் பகிடியாக் கேட்டதுக்கு உண்மையான மறுமொழி: கோதுமை பியரை வடிகட்டித் தெளிவாக்கினா அதுக்குக் கிரிஸ்டல்வைசன் எண்டு பேர். ஜெர்மனியில சிலர் அந்தக் கிளாஸுக்குள்ள ஒரு அரிசிமணியைப் போடுவினம். மணியிண்ட கரடுமுரடில வாயுக் குமிழி பிடிச்சு எழும்பும், நுரை கன நேரம் நிக்கும். சம்பாவோ நாட்டரிசியோ எண்டு கேக்காதேங்கோ. குத்தரிசி போட்டா அம்மம்மா அதை எடுத்துச் சோறு வடிச்சுப்போடுவா.

கராம்புக்காரி | ஜனவரி 28

மச்சாள் மாசியில திரும்ப வாறா. "பனி லேபிள் போட்டது இன்னும் கடையில கிடக்கு, கொண்டுவரவோ" எண்டு கேட்டா. வேண்டாம் எண்டிட்டன். அந்த நேரத்துக்கு அது கடைத்தட்டில பழசாகி வந்திருக்கும். புதுசா வடிச்ச சாதாரணக் கோதுமை பியர் ரெண்டும், அவென்டினுஸ் ஒண்டும் சொல்லிவிட்டிருக்கிறன். முதல் ரெண்டையும் வந்த கிழமையே கால் கால் கிளாஸாக் குடிக்கிறது. அவென்டினுஸை நுவரெலியாவுக்குக் கொண்டுபோற யோசனை. ஆனா பெப்ரவரி 12 நவம் போயா, லீவும் அதோட ஒட்டித்தான் வருது. போயாவில கடைதான் பூட்டு, சூட்கேஸ் பூட்டில்லைத்தானே. மரைன்டிரைவ்காத்து, வாறதெண்டா கிளாஸ் கொண்டுவாங்கோ, தேசிக்காய் கொண்டுவராதேங்கோ.